வலது மணிக்கட்டில் பழைய ஒட்டு

நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருக்கிறது. ஆனால் கோப்பையின் விளிம்பில், கைப்பிடிக்கு நேர் எதிரே, நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு போயிருக்கிறது. அந்தப் பக்கம் வாய் வைக்காமல் குடித்தால் ஒன்றும் ஆகாது. வேறு யாருக்காவது கொடுப்பதற்கு முன் இதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தொழில் புத்தி, மன்னிக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடமாக உடைந்த பீங்கானை ஒட்டிக்கொண்டிருப்பவனுக்கு எங்கே போனாலும் கண் முதலில் விளிம்புக்குத்தான் போகும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். அப்படிச் சொன்னால் துண்டு துண்டாகத்தான் வரும், பிறகு நீங்கள் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பா கையெல்லாம் மண்ணோடு என் வேலை அறைக்குள் வந்தாள். பாப்பா என்பது என் அண்ணன் மகள். முப்பத்தொரு வயது, மருந்துக்கடையில் மருந்தாளர். ஆனாலும் வீட்டில் பாப்பாதான். அண்ணன் இறந்த பிறகு வீடு அவள் பேருக்கு வந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம். எலுமிச்சை மரம் இரண்டு வருடமாகக் காய்க்கவில்லை என்று வேரடியைக் கிளறி உரம் வைக்கப் போனவள், துருப்பிடித்து உதிர்ந்த ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். உள்ளே மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு பீங்கான் பொம்மை.

“சித்தப்பா, இதைப் பாருங்களேன். மண்ணுக்குள்ள கிடந்துச்சு. ஒரு கீறல்கூட இல்ல. இது என்ன, யாரு செஞ்சது, எவ்வளவு பழசு, எல்லாம் எனக்குத் தெரிஞ்சாகணும்.”

ஒரு சாண் உயரம் இருக்கும். இடது இடுப்பில் கூடை, வலது கையை முன்னால் நீட்டியபடி ஒரு பெண். அடியில் முத்திரை இல்லை. எண் இல்லை, செய்தவர் கையெழுத்து இல்லை. இப்படி முத்திரை இல்லாத பொருளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா? ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மண் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்று பார்க்க வேண்டும். மெருகு பூசாத அடி விளிம்பை விரலால் தடவ வேண்டும். சூளையில் காற்று வெளியேறுவதற்காக அடியில் விட்ட ஓட்டை வட்டமா, கோணலா என்று பார்க்க வேண்டும். பிறகு புருவம். புருவத்தை ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார்களா, தொட்டுத் தொட்டுப் போட்டிருக்கிறார்களா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். இதை எல்லாம் பாப்பா பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாகச் செய்தேன். கை நடுங்கவில்லை. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு இந்தத் தொழில் பண்ண முடியாது.

“சித்தப்பா, அம்மா உங்க பொம்மை ஒண்ணை எடுத்துட்டுப் போனாங்களே, அது இந்த மாதிரிதான் இருக்குமா?”

இதை விளக்க வேண்டும். பாப்பாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அண்ணி வீட்டை விட்டுப் போய்விட்டார், போகிற போக்கில் என் அலமாரியிலிருந்த ஒரு பொம்மையையும் கொண்டுபோய்விட்டார் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த கதை. தெருவிலும் அதுதான் கதை. பள்ளிக்கூடத்தில் பாப்பாவை ஓடிப்போனவள் மகள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டு வந்தால் நான்தான் முகம் கழுவி விடுவேன்.

“இல்லம்மா. அது இதைவிடப் பெரிசு. நாயோட நிக்கிற வேட்டைக்காரன்” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. அம்மா திருடிய பொருளாக இருந்தாலும் பரவாயில்லை, அம்மா தொட்டதாக ஒன்று கிடைத்ததே என்று ஒரு நிமிஷம் நம்பியிருப்பாள் போல. எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் உண்மைதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். சந்தையில் விற்கிற சாதாரணச் சாமான் என்று சொல்லி அலமாரி மேல் வைத்திருக்கலாம். ஆனால் பாப்பா, ஊர் அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு நாள் பழைய பொருள்களைப் பார்த்துச் சொல்கிறார்களாம், அங்கே கொண்டுபோகிறேன், நீங்கள் ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள் என்றாள். என் மேசையிலிருந்து எந்தப் பொருளும் குறிப்புச் சீட்டு இல்லாமல் வெளியே போனதில்லை. உயரம், எடை, மண், மெருகு, பழுது. ஐந்து வரி. எழுத ஆரம்பித்தால் எனக்குப் பொய் வராது. பேச்சில் வரும், சீட்டில் வராது. பழுது என்ற இடத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? “வலது மணிக்கட்டிலும் இரு விரல்களிலும் பழைய ஒட்டு. ஆள்காட்டி விரல் முழுதும் புதிதாகச் செய்தது. மிக நல்ல வேலை.”

கடைசி மூன்று சொற்களை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அருங்காட்சியகத்து அம்மாள் பொம்மையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஒட்டு எதுவும் தெரியவில்லை. ஊசியால் தட்டிப் பார்த்திருக்கிறார், சத்தத்திலும் வித்தியாசம் இல்லை. சீட்டில் எழுதியிருக்கிறதே என்று இருட்டறைக்குக் கொண்டுபோய் ஊதா விளக்கின் கீழே வைத்திருக்கிறார். அந்த வெளிச்சத்தில் பீங்கான் மங்கலாக நிற்கும், பசையும் மேல் வண்ணமும் தனியாக வெளுத்துத் தெரியும். மணிக்கட்டு தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. அவர் பாராட்டித்தான் சொன்னாராம், உங்க சித்தப்பாவுக்கு என்ன கண்ணு, விளக்கு இல்லாம மனுஷக் கண்ணுக்கு இது தெரியவே தெரியாதே என்று. கூடவே, பசை ரொம்பப் பழசில்லை, இருபது முப்பது வருடம்தான் இருக்கும் என்றாராம். பொம்மையே திருவிழாக் கடைகளுக்காக ஆயிரக்கணக்கில் செய்தது, முத்திரை போடுகிற அளவுக்கு யாரும் மதிக்காத சரக்கு என்றும் சொல்லியிருக்கிறார். அது தவறு. அந்தப் புருவத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை.

மருத்துவர்கள் கிறுக்கிய சீட்டை வாசித்து, எங்கே ஒரு புள்ளி தப்பியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பாப்பாவின் அன்றாட வேலை. நான் அதை மறந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வந்தாள். காலணியைக் கழற்றினாள், பையை மாட்டினாள், என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு தேநீர்க் குவளைக்குக் கைப்பிடி வைத்துக்கொண்டிருந்தேன்.

“சித்தப்பா, உங்ககிட்ட ஊதா விளக்கு இருக்கா?”

“அது எதுக்கு எனக்கு? பழுதைக் கண்டுபிடிக்கிறவங்களுக்குத்தான் அது வேணும். நான் பழுது பாக்கிறவன்.”

நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப விரல் புதுசுன்னு எப்படி எழுதினீங்க?”

நான் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசை பிடிக்கும் வரை கையை எடுக்கக் கூடாது. அவளும் காத்திருந்தாள். பிறகு மெதுவாக, “வேட்டைக்காரன், நாய், அப்படி எதுவும் இல்லல்ல?” என்றாள்.

“இல்ல.”

“அம்மா இதை எடுத்துட்டுப் போகல.”

“இல்ல.”

“அம்மா எங்க சித்தப்பா?”

ஒட்டிய இடத்திலேயே மறுபடி உடைந்தால் அப்புறம் ஒட்டு நிற்காது. அதனால் சொல்லிவிட்டேன். “வெளியில, குழாய்க்குப் பக்கத்துல” என்றேன். பாப்பா கத்தவில்லை, என்னை அடிக்கவில்லை. எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனாள். காலணி போட மறந்துவிட்டாள் என்பதை அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

குழாய்ப் பக்கம் என்று பாப்பாவிடம் சொல்லியும், பொம்மை கிடைத்த இடமாயிற்றே என்று நீங்கள் நேற்று எலுமிச்சை மரத்தடியில் தோண்டினீர்களாம். அங்கே பொம்மை மட்டும்தான் வைத்தேன். குழாயிலிருந்து சமையலறைச் சுவர்ப் பக்கமாக நான்கு எட்டு, இடுப்பளவு ஆழம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அண்ணன் நில அளவையர். வேலை வந்தால் எட்டு நாள், பத்து நாள் வெளியூரில் தங்குவார். அப்படி ஒரு தடவை அவர் இல்லாதபோது நடந்தது. மதியம். பாப்பாவுக்கு லேசான காய்ச்சல், பள்ளிக்கூடம் போகாமல் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கடைத்தெருவுக்குப் போய்ப் பசை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அண்ணி என் வேலை அறையில் முக்காலி மேல் ஏறி நின்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் அலமாரியைத் தொட வேண்டாம் என்று வந்த நாளிலிருந்து சொல்லியிருக்கிறேன். கெட்ட எண்ணம் கிடையாது, அவருக்குத் தூசி பொறுக்காது, அவ்வளவுதான். நல்ல மனுஷி. எனக்கும் சேர்த்து ஏழு வருடம் சமைத்துப் போட்டவர்.

கையில் அந்தப் பொம்மை. ஈரத் துணி.

அந்தப் பொம்மையை நான் அந்த நாளுக்கு நான்கு வருடம் முன்பு ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்தேன். முத்திரை இல்லாததால் யாருக்கும் அது வேண்டாம். நான் மட்டும் விடவில்லை. எத்தனை பேருக்குக் கடிதம் எழுதினேன், எத்தனை புத்தகம் புரட்டினேன். இன்னாருடைய கை என்று நானே கண்டுபிடித்துவிட்டால் பிறகு என்னைப் பழுது பார்க்கிறவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். கூடை விளிம்பில் தங்க வண்ணம் ஒரு மயிரிழை மிச்சமிருந்தது. ஈரத் துணி பட்டால் போய்விடும்.

“கொடுங்க அண்ணி.”

அவர் சிரித்தார். “உங்க ராணியை நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன் தம்பி. இதுக்குப் பதிலா ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டிக்கக் கூடாதா? அவளாவது வாயைத் திறந்து பேசுவா.”

கிண்டல்தான். எனக்குக் கோபம் கூட இல்லை. பொம்மையின் இடுப்பைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அவர் பொம்மையின் கையைப் பிடித்திருந்தார், விடவில்லை. முக்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. அண்ணி பின்னால் சாய்ந்தார், அலமாரிப் பலகையை எட்டிப் பிடித்தார், யாரோ ஒட்டக் கொடுத்திருந்த இரண்டு பெரிய பீங்கான் தட்டுகள் அவரோடு சேர்ந்து கீழே வந்தன. மேசை ஓரத்தில் இரும்புப் பிடிப்பான் ஒன்றைத் திருகி வைத்திருந்தேன், அவர் பின்தலை அதில் பட்டது. நான் அண்ணியைத் தொடவே இல்லை. நான் பிடித்தது பொம்மையை. பொம்மை என் கையில் பத்திரமாக இருந்தது, வலது மணிக்கட்டோடு கை மட்டும் இல்லை.

அண்ணிக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. தண்ணீர் கேட்டார். டாக்டரைக் கூப்பிடுங்க தம்பி என்று ஒரு தடவை சொன்னார். மருத்துவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் என் இடத்தில் நின்று பாருங்கள். தரை முழுக்க இரண்டு தட்டின் சில்லுகள். அவற்றுக்கு நடுவே எங்கேயோ ஒரு உள்ளங்கையும், அரிசி அளவில் இரண்டு விரல்களும். மருத்துவர் வந்தால் செருப்புக் காலோடு உள்ளே வருவார், தூக்க நாலு பேர் வருவார்கள். மிதித்துப் பொடியாக்கிவிட்டால் அதற்குப் பிறகு உலகத்தில் யாராலும் அதைச் சேர்க்க முடியாது. முதலில் பொறுக்கிவிட வேண்டும். பத்து நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன்.

“அசையாதீங்க அண்ணி, உங்க முழங்கைகிட்ட ஒரு துண்டு கிடக்கு” என்றேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். உள்ளங்கை மேசைக்கு அடியில் கிடைத்தது. ஒரு விரல் கதவிடுக்கில். ஆள்காட்டி விரல் மட்டும் கிடைக்கவே இல்லை. அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி போய்விட்டிருந்தார். வலது கையை இறுக்கி மூடியிருந்தார். விரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. உங்கள் ஆட்கள் நாளைக்குத் தோண்டும்போது அந்தக் கைப் பக்கம் மண்ணைச் சலித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் செய்த விரல் அசலைவிடக் கொஞ்சம் தடிமன், அது எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மறுநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். தண்ணீர்க் குழாய் பதிக்க அண்ணன் ஏற்கெனவே பள்ளம் வெட்டி வைத்திருந்தார். அதை ஆழப்படுத்தினேன், மண்ணைத் தள்ளினேன், மேலே குழாயையும் பதித்துவிட்டேன். வேலி ஓரமாகப் போன ஒருவர், ஆள் வைக்காமல் நீங்களே செய்கிறீர்களே என்று நின்று பாராட்டிவிட்டுப் போனார்.

பொம்மையைப் பதினோரு நாளில் சரிசெய்தேன். ஆனால் வீட்டில் வைக்க முடியாது. அண்ணியோடு அதுவும் போய்விட்டது என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். கட்டியவள் தம்பி பொருளைத் திருடிக்கொண்டு போனாள் என்றதும் அண்ணன் வெட்கத்தில் குறுகிப்போனார். எங்கேயும் புகார் கொடுக்கவில்லை, அண்ணி வீட்டாரையும் வாசலோடு அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அண்ணி எழுதிய சாமான் பட்டியல்கள் சமையலறை டப்பாவில் நிறைய இருந்தன. ஒரு விரலைப் பார்த்து இன்னொரு விரல் செய்கிறவனுக்கு எழுத்து பெரிய காரியமா? “என்னைத் தேடாதீங்க. பாப்பாவை நல்லா பாத்துக்கங்க.” பக்கத்து ஊர் போய் அஞ்சலில் போட்டேன். பாப்பா அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறாள். பத்து வயதில் ஒரு தடவை என்னிடம் கொண்டுவந்து, நடுவில் கிழிகிறது, ஒட்டித் தாருங்கள் என்றாள். மெல்லிய தாள் வைத்துப் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன்.

அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தலை பின்னி விட்டது நான், கணக்குச் சொல்லிக் கொடுத்தது நான், தேர்வு நாளில் வாசலில் நின்றது நான். அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டே போய் ஒரு நாள் பேசாமலே போய்விட்டார். இவளை ஆளாக்கினது நான். இதை அவளே மறுக்க மாட்டாள்.

இன்று காலையில் நீங்கள் ஒரு கேள்வி கொண்டுவந்தீர்கள். பாப்பாவுக்கு என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை, ஆனால் ஒரே ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டுமாம். அம்மா என்னைக் கூப்பிட்டாங்களா என்று கேட்டு வரச் சொன்னாளாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன்.

கூப்பிட்டார்.

முதல் தடவை முனகல்தான். பாப்பா என்று சொன்னதா, வலியா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டாவது தடவை நல்ல குரலாகவே வந்துவிட்டது. அடுத்த அறையில் கட்டில் முனகியது. அம்மா என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு பதிலும் வந்தது. அண்ணி தலையைக் கொஞ்சம் தூக்கினார், மூன்றாவது தடவை கூப்பிடப் போனார். அண்ணியைத் தொடவே இல்லை என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையை அவர் வாய்மேல் வைத்தேன். அண்ணிக்குச் சின்ன முகம், மூக்கும் அதற்குள் அடங்கிவிட்டது. வலது கையில் பொம்மை, கீழே வைக்க இடமில்லை. ரொம்பத் திமிறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் குழந்தை புரண்டு படுத்து மறுபடி மூச்சு சீராகும் வரை கையை எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பாப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள், ஒரு சொல் குறைக்க வேண்டாம். அன்றைக்குத் தரையெல்லாம் சில்லு. கூப்பிட்டிருந்தால் அவள் வெறுங்காலோடு ஓடி வந்திருப்பாள். அவள் கால் கிழிந்துவிடக் கூடாதே என்றுதான் செய்தேன்.